உமியோடு வந்த ஓட்ஸ்

ஐப்பசி மழை விட்டபாடில்லை. சுருளிப்பட்டிக்கு வெளியே, திராட்சைத் தோட்டத்து ஓரமாக இருந்த கொட்டகையில் நாகஜோதியின் கோழிகளுக்குப் பின்பக்கம் வழுக்கை விழுந்துகொண்டிருந்தது.

நோய் நொடி எதுவும் கிடையாது. ஒன்றையொன்று கொத்திக்கொண்டன, அவ்வளவுதான். வழக்கமாகக் காலையில் கதவைத் திறந்தவுடன் அவை கொடிப்பந்தலுக்குக் கீழே ஓடிவிடும். புழு, பூச்சி, உதிர்ந்த பழம் என்று பொழுது சாயும்வரை மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். இந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டதில் திராட்சைக்கு நோய் கண்டு, தோட்டம் தோட்டமாக மருந்தடித்தபடியே இருந்தார்கள். மருந்து விழுந்த மண்ணில் கோழியை விட முடியாது. அடைபட்டுக் கிடந்த கோழிகளுக்குக் கிளற மண் இல்லை, துரத்தப் பூச்சி இல்லை. பொழுது போகாமல் ஒன்றின் வால் இறகை இன்னொன்று பிடுங்கிப் பார்த்தது. பிறகு அதுவே வேலையாகிவிட்டது.

நாகஜோதி முன்பு கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பு மரத்துப்போகிறது என்று அந்த வேலையை விட்டுவிட்டு நாட்டுக்கோழி வளர்க்க வந்தாள். கணவன் ஈஸ்வரபாண்டிக்கு லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை. பாகத்தில் வந்த சிறு திராட்சைத் தோட்டமும் அதன் ஓரத்தில் வெறுமனே கிடந்த இடமும் இருந்தன. கொட்டகை போட்டு, குஞ்சு வாங்கி, நரிக்கும் கீரிக்கும் தப்பவைத்து வளர்த்து, முட்டை நல்லபடியாக விற்கத் தொடங்கிய நேரத்தில்தான் இந்த வழுக்கை.

அவளும் சும்மா இருக்கவில்லை. கசப்புக்குப் பயந்து கொத்தாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேப்பெண்ணெய் தடவினாள். கோழிகள் கசப்பைச் சட்டை பண்ணவே இல்லை; எண்ணெய் வழிய வழியக் கொத்திக்கொண்டன. முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். மத்தியானத்துக்குள் வெறும் தண்டுதான் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் செண்டுப்பூ போட்டிருந்த ராமுத்தாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, கோழிக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துத் தலைதீபாவளி கொண்டாடுகிறாயா என்று கேட்டாள். நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் முட்டியது.

"பேசாம மூக்க வெட்டிப்புடுவோம் ஜோதி. பெரிய பண்ணையில எல்லாம் அதான செய்றாக" என்றான் ஈஸ்வரபாண்டி.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கோழி வளர்க்கத் தொடங்குமுன் ஒரு பண்ணையைப் பார்க்கப் போயிருந்தாள். அலகின் நுனியை வெட்டிவிட்ட கோழிகள் அங்கே மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. தீவனத் தொட்டியில் வாயை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தன. அன்று வீட்டுக்கு வந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கோழிக்கு அதைச் செய்வதில்லை என்று அப்போதே முடிவு செய்திருந்தாள்.

"அதுக கொத்துறது கொழுப்பெடுத்து இல்ல. வேல இல்லாமக் கொத்துதுக. வேல குடுத்தாச் சரியாப் போகும்" என்றாள்.

"கோழிக்கு என்ன வேல குடுப்ப? எங்க பவர்ஹவுஸ்ல சேத்துவிடவா?"

அவள் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

வியாழக்கிழமை இவாஞ்சலின் வந்தாள். தேனி பஜாரில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் ஜெபமணியின் மனைவி அவள். கடை வேன் வியாழன்தோறும் கம்பத்துக்குச் சரக்கு இறக்க வரும்போது அதிலேயே ஏறிவந்து, நாகஜோதியிடம் முட்டை வாங்கிப் போவாள். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். கிறிஸ்துமஸுக்கு அவளுடைய வெண்ணெய் கேக்குக்காகத் தேனியில் பாதிப் பேர் காத்திருப்பார்கள். இருவருக்கும் ஜவுளிக்கடை நாளிலிருந்தே பழக்கம்.

கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த இவாஞ்சலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று நாகஜோதியின் கையைப் பிடித்தாள். முன்னால் பார்த்தால் ராணி மாதிரி கொண்டை, பின்னால் பார்த்தால் உரித்து வைத்த கறிக்கோழி. யாருக்குத்தான் சிரிப்பு வராது?

முட்டையும் பாதியாகக் குறைந்திருந்தது. கூடை நிறையாததைப் பார்த்தவுடன் இவாஞ்சலினின் சிரிப்பு நின்றது. டிசம்பருக்குள் இது சரியாகுமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் நாகஜோதி. டீயைக் குடித்தபடி இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் இவாஞ்சலின் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள்.

தேனியில் சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாரும் காலையில் ஓட்ஸ் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பார்த்த ஜெபமணிக்கு ஒரு யோசனை. டப்பா டப்பாவாக வாங்கி விற்பதைவிட, வடக்கே இருந்து மூட்டையாகவே வரவழைத்து, தன் கடைப் பெயரில் பொட்டலம் போட்டு விற்றால் என்ன? யாரிடமும் கேட்காமல் போனிலேயே விலை பேசி முடித்தார். லாரி வந்து இறங்கியது. மூட்டையைப் பிரித்தால், டப்பாவில் இருக்கிற தட்டையான வெள்ளை அவல் இல்லை. நெல் மாதிரி நீளமாக, உமியோடு, நுனி கூராக இருந்தது. ஓட்ஸ்தான். ஆனால் குதிரைக்குப் போடுகிற முழுத் தானியம்.

அரிசி ஆலையில் உமி நீக்கித் தரச் சொன்னார். அந்த ஆலையில் அது தூளானதே தவிர உமி போகவில்லை. அப்படியும் விடாமல் அதையே கஞ்சி காய்ச்சச் சொல்லி, கடைப் பையன்களுக்கு முன்னால் ஒரு தம்ளர் குடித்துக் காட்டினார். உமி தொண்டையில் குத்தி இருமிய இருமலில் எதிர்க்கடைக்காரர் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அன்றிலிருந்து பஜாரில் அவரைப் பார்க்கிறவர்கள், குதிரை எப்போது வருகிறது அண்ணாச்சி என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"கோழிக்குப் போடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. அதுக்கு இவுக அவர்கிட்ட ஒரு மாசமாப் பேசல" என்றாள் இவாஞ்சலின். "ஜெபமணி கடைச் சரக்கு மனுசன் திங்கிறது, கோழி திங்கிறதில்லன்னு சத்தியம் பண்ணாத குறை. மூட்ட பூராவும் குடோன்ல கெடக்கு."

நாகஜோதி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அது உமியோடயா இருக்கு?"

"உமியோடதான்."

"ஒரு மூட்ட கொண்டாங்க. அண்ணாச்சிகிட்டச் சொல்ல வேண்டாம்."

அடுத்த வியாழன் வேனில் வெங்காய மூட்டைகளுக்கு அடியில் ஓட்ஸ் மூட்டை ஒன்று ஒளிந்துவந்தது.

கோழிகள் அதைப் பெரிய மரியாதையோடு வரவேற்றுவிடவில்லை. நாகஜோதி வைக்கோல் பரப்பி அதன்மேல் ஓட்ஸைத் தூவினாள். கோழிகள் கழுத்தை நீட்டி, ஒரு கண்ணால் பார்த்து, பின்வாங்கின. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூட்டத்திலேயே அதிகம் கொத்துகிற சாம்பல்நிறக் கோழி ஒன்று முன்னால் வந்து ஒரு மணியை எடுத்தது. கீழே போட்டது. மறுபடி எடுத்து, அலகில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விழுங்கியது. உடனே வைக்கோலைக் காலால் வாரி இறைத்து அடுத்ததைத் தேட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கொட்டகை முழுக்க ஒரே கிளறல். உமியோடு இருந்ததால் சட்டென்று விழுங்க முடியவில்லை. ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. வைக்கோலுக்குள் விழுந்ததைத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அன்று பகல் முழுக்க ஒரு கோழியும் இன்னொன்றின் வாலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை முடிந்து வந்த ஈஸ்வரபாண்டி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னத்தா, இம்புட்டு அமைதியா இருக்கு?"

"அதுகளுக்கு வேல கெடச்சிருச்சு" என்றாள் அவள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நல்லது. ஆனால் நாகஜோதிக்குக் கை நின்றால்தானே? பெரிய கோழிக்கு நல்லதென்றால் சின்னதுக்கும் நல்லதுதானே என்று, தனியாக வைத்திருந்த குஞ்சுகளுக்கும் ஓட்ஸை இடித்துத் தீவனத்தில் தாராளமாகக் கலந்தாள். சில நாளில் குஞ்சுகளின் எச்சம் பசை மாதிரி ஒட்டத் தொடங்கியது. பின்பக்கமே அடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு நின்றது. நாகஜோதி ஒரு குஞ்சைக் கூடையில் வைத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினாள்.

டாக்டர் சுபாஸ்ரீ இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. குஞ்சைத் திருப்பிப் பார்த்தவுடன், புதிதாக என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். நாகஜோதி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள், வெங்காய மூட்டை உட்பட. டாக்டர் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். ஓட்ஸில் வழுவழுப்பான ஒரு நார் இருக்கிறது. அதைச் செரிக்கிற பலம் குஞ்சின் வயிற்றுக்கு இல்லை. உள்ளே போய்ப் பசையாகிவிடும். பெரிய கோழிக்கு ஓரளவுவரை தொந்தரவில்லை. அந்த உமி அதன் இரைப்பையில் தங்கி, வயிறு நிறைந்த மாதிரி வைத்திருக்கும், அதனாலும் கொத்துவது குறையும்.

"அக்கா, நீங்க செஞ்சது சரியான வைத்தியம்தான். ஆளுதான் மாறிப்போச்சு" என்றாள். "குஞ்சுக்கு வேண்டவே வேண்டாம். பெரிசுக்கு அஞ்சு பங்குல ஒரு பங்கு, அதுக்கு மேல போகாதீங்க. மத்தது எப்பவும் போடுற தீவனம்தான்."

வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, ஒவ்வொரு குஞ்சாக எடுத்துப் பின்பக்கத்தைக் கழுவினாள். அன்று ஈஸ்வரபாண்டிக்கு விடுமுறை. மூக்கை வெட்டலாம் என்று சொன்ன அதே ஆள், தோளில் கிடந்த துண்டால் குஞ்சுகளைத் துடைத்து, மடியில் வரிசையாக வைத்துக்கொண்டு, ஈரம் காயும்வரை வாயால் ஊதிக்கொண்டிருந்தான். ஒரு குஞ்சு அவன் உள்ளங்கையிலேயே தூங்கிப்போனது. அதை எழுப்ப மனமில்லாமல் ரொம்ப நேரம் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான். ஒரு குஞ்சும் சாகவில்லை.

கார்த்திகை பிறந்தபோது கோழிகளின் வழுக்கையில் குச்சி குச்சியாகப் புது இறகு முளைத்திருந்தது. ராமுத்தாய் தினமும் ஒருமுறை வேலியோரம் வந்து, இன்றைக்கு யாருக்குச் சட்டை தைத்தாயிற்று என்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு மத்தியானம், மழை கொஞ்சம் வெறித்திருந்த நேரம், வெள்ளை வேட்டி சட்டையில் ஜெபமணி வந்து இறங்கினார். உயரமான மனிதர். சட்டைப் பையில் பேனா, கையில் குடை. வேன் டிரைவர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்ற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்று நாகஜோதிக்குப் புரிந்தது.

"எம் மூட்ட எங்க?" என்றார் ஜெபமணி.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க."

"உக்கார வரல. ஜெபமணி ஓட்ஸு கோழிக்குப் போகுதுன்னு கம்பத்துக் கடையில வச்சு ஒருத்தன் எங்கிட்டயே சொல்றான். எனக்கு எப்படி இருக்கும்? அந்த மூட்டைய எடுத்துக்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

நாகஜோதிக்கு மறைக்கத் தோன்றவில்லை. தான்தான் கேட்டேன், அக்கா மேல் கோபப்படாதீர்கள் என்று சொன்னாள். பிறகு, மூட்டையில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது, உள்ளே வந்து பாருங்கள் என்று கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி உள்ளே வந்தார்.

அது தூவுகிற நேரம். அவள் முறத்தில் ஓட்ஸை அள்ளிக்கொண்டு வந்தாள். முறத்தைக் கண்டதும் கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு நாலு மூலையிலிருந்தும் ஓடிவந்தன. ஜெபமணி இரண்டடி பின்னால் போனார். அவள் வீசினாள். வைக்கோல் பறந்தது. கொட்டகை முழுக்கச் சரசரவென்று சத்தம். ஜெபமணி குடையை ஊன்றிக்கொண்டு அசையாமல் பார்த்தார். முகச்சுளிப்பு கொஞ்சம் கொஞ்சமாக எங்கேயோ போய்விட்டது.

அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். அவர் அதில் உட்கார்ந்தார். சாம்பல்நிறக் கோழி பக்கத்தில் வந்து அவருடைய செருப்பில் ஒட்டியிருந்த ஒரு மணியைப் பொறுக்கியது. பிறகு தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது.

"எல்லாத்தையும் தின்னுருதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு மணி விடாது அண்ணாச்சி. உமி மட்டும் கொஞ்சம் கெடக்கும். அதையும் கிளறிக்கிட்டுத் திரியும்."

"பஜார்ல சும்மா குடுத்தாலும் ஒருத்தன் கை நீட்டல."

"அங்கன இருக்கிறது மனுசன். எங்க கோழி ஒங்க சரக்க வேண்டாம்னு சொல்லல, குதிரை எங்கன்னும் கேக்கல."

ஜெபமணியின் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தார். மனைவிக்கு முடியாதது அவருக்கும் முடியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் கோழிகள் எல்லாம் ஒருகணம் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. வாசலில் நின்ற டிரைவருக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

போகும்போது, இன்னும் சில மூட்டைகளை அனுப்பிவைப்பதாகச் சொன்னார். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் காலைக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிட்ட மாதிரி வேனில் சின்னப் பையனாக ஏறி உட்கார்ந்தார்.

மூட்டைகள் வந்து வீட்டுக் கூடத்தில் அடுக்கப்பட்டன. நாகஜோதிக்கு மனசு நிறைந்துபோயிற்று. இத்தனை தானியம் வீட்டில் இருக்கும்போது மக்காச்சோளம் வாங்குவானேன் என்று நினைத்தாள். டாக்டர் சொன்ன ஐந்தில் ஒரு பங்கு, மூன்றில் ஒன்றாகி, பிறகு பாதிக்கும் மேலே போய்விட்டது. மக்காச்சோளத்தை அடியோடு நிறுத்திவிட்டாள். கோழிகள் சந்தோஷமாகத்தான் தின்றன. இறகு பளபளத்தது. ஆனால் மார்கழி நெருங்கும் நேரத்தில் இவாஞ்சலினிடமிருந்து போன் வந்தது. குரலில் பதற்றம்.

"நாகஜோதி, கேக்கு வெளுத்துப்போச்சு."

முட்டையை உடைத்து ஊற்றினால் கரு மஞ்சளாக இல்லை, எலுமிச்சம்பழத் தோல் வெளிறின மாதிரி இருக்கிறது. வெண்ணெய் கேக்கைப் பார்த்தவர்கள், இது நாட்டுக்கோழி முட்டையில் செய்ததா, பண்ணை முட்டையில் செய்ததா என்று கேட்கிறார்கள். சர்ச்சில் பெண்கள் ஐக்கியம் என்று நடக்கிற சங்கத்தில் இருந்து பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. என்ன செய்வது?

நாகஜோதி உடனே ஒரு முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றினாள். அவளுக்கே தன் கோழியின் முட்டை என்று நம்ப முடியவில்லை. ஈஸ்வரபாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தான். 

டாக்டர் சுபாஸ்ரீயைப் போனில் பிடித்தாள். இந்தத் தடவை டாக்டர் சிரிக்கவில்லை. அளவை மீறினீர்களா என்று நேராகக் கேட்டாள். ஆமாம் என்றாள் நாகஜோதி. முட்டைக் கருவுக்கு மஞ்சள் கொடுப்பது மக்காச்சோளமும் பச்சைக் கீரையும்தான், ஓட்ஸில் அந்த நிறம் கிடையாது என்றாள் டாக்டர். அதோடு, தெம்பு தருவதிலும் அது மக்காச்சோளத்துக்கு ஈடாகாது. இப்படியே போனால் முட்டையும் குறையும், மழைக்குளிரில் கோழியும் இளைக்கும். மக்காச்சோளத்தைத் திரும்பப் போடுங்கள், முருங்கைக்கீரை போடுங்கள், செண்டுப்பூ கிடைத்தால் இதழைப் பிய்த்துத் தீவனத்தில் கலந்து போடுங்கள், மருந்தடிக்காத பூவாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தாள்.

நாகஜோதி போனை வைத்த கையோடு வேலியோரம் போய் ராமுத்தாயைக் கூப்பிட்டாள். ராமுத்தாயின் செண்டுப்பூ அந்த மழையில் அடிவாங்கி, சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டில் விலைபோகாமல் செடியிலேயே வாடிக்கொண்டிருந்தது. பூச்சி மருந்து அடித்தாயா என்று கேட்டாள்.

"பூவே போச்சு, அதுக்கு எதுக்கு மருந்து? பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாதுன்னு அப்படியே விட்டுட்டேன். ஒனக்கு எதுக்குத்தா?"

"கோழிக்கு."

ராமுத்தாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "மொதல்ல எண்ணெ தேச்ச. பெறகு குதிரைத் தீனி போட்ட. இப்பப் பூ வைக்கப்போறியா? கல்யாணத்துக்கு எங்களுக்கும் சொல்லிவிடு" என்றாள். ஆனால் கூடையை எடுத்துக்கொண்டு அவளும் கூடவே வந்து பறித்தாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து இதழைப் பிய்த்து முறத்தில் உலர்த்தியபோது, கையெல்லாம் மஞ்சளாகி, வாசனை கிறுகிறுக்கவைத்தது.

மக்காச்சோளம் திரும்பி வந்தது. ஓட்ஸ் டாக்டர் சொன்ன பங்குக்கு இறங்கியது. அளப்பதற்கென்றே நாகஜோதி ஒரு படியைத் தனியாக எடுத்து வைத்து, இனி என் கையை நம்ப மாட்டேன், படியைத்தான் நம்புவேன் என்று ஈஸ்வரபாண்டியிடம் சொன்னாள். ஒவ்வொரு காலையும் அவன் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு முட்டையை உடைத்துப் பார்ப்பார்கள். முதலில் வித்தியாசமே தெரியவில்லை. பிறகு கொஞ்சம் மஞ்சள் தட்டியது. ஒரு நாள் காலையில் ஈஸ்வரபாண்டி அடுப்படியிலிருந்து கூப்பிட்ட குரலில் அவள் ஓடினாள். சட்டியில் கரு சூரியோதயம் மாதிரி ஆரஞ்சாகக் கிடந்தது. அவன் அதைப் பொரிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றைக்கு லோயர் கேம்ப் பஸ்ஸை விட்டுவிட்டான்.

அந்த முட்டைகளை வாங்கிப்போன இவாஞ்சலின், கேசரிப் பவுடர் எதுவும் கலந்துவிட்டாயா என்று போன் செய்து கேட்டாள். கோழிக்குள் எப்படியக்கா கலப்பது என்றாள் நாகஜோதி. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தேனியில் இவாஞ்சலினின் வீட்டு அடுப்பு ஓயவே இல்லை. பெண்கள் ஐக்கியத்துக்குப் போன கேக்கை வெட்டியவர்கள், இந்த மஞ்சளை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்தார்கள். பண்டிகைக்கு மறுநாள் ஜெபமணி தானே வேனில் ஏறி, ஒரு முழு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு சுருளிப்பட்டிக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். ராமுத்தாய் வீட்டுக்கும் ஒன்று இருந்தது.

அதற்குள் வேறொன்றும் நடந்திருந்தது. கோழி வளர்க்கிறவர்கள் ஒவ்வொருவராக நாகஜோதியிடம் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். தேவதானப்பட்டியிலிருந்துகூட ஒருவர் வந்தார். அவள் அவர்களை ஜெபமணியின் கடைக்கு அனுப்பினாள். அனுப்புமுன் குஞ்சுக்குப் போடாதே, அளவை மீறாதே, மக்காச்சோளத்தை விடாதே என்று மூன்றையும் சொல்லித்தான் அனுப்பினாள். குடோனில் மிச்சம் இருந்த மூட்டைகள் தீர்ந்தன. குதிரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த எதிர்க்கடைக்காரரே தன் மைத்துனன் பண்ணைக்கு ஒரு மூட்டை எடுத்துப் போனார். ஜெபமணி இப்போது, இதற்காகத்தான் உமியோடு வரவழைத்தேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். இவாஞ்சலின் அதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பை மறைக்க உள்ளே போய்விடுவாள்.

தைப்பொங்கல் கழிந்து, அடுத்த லோடு போடுமுன் நாகஜோதி வந்து தானியத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜெபமணி போன் செய்தார். அவள் முதன்முறையாக அந்தக் கடைக்குப் போனாள். மூன்று இடத்திலிருந்து மாதிரி வந்திருந்தது. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, கடித்துப் பார்த்தாள். ஒன்றில் பூஞ்சை வாடை அடித்தது. இது ஆகாது என்றாள். ஒன்று வெறும் உமியாக இருந்தது. மூன்றாவது கனமாக, வாயில் போட்டால் மாவாக இனித்தது. அதையே போடலாம் என்றாள். ஜெபமணி மறுபேச்சுப் பேசாமல் அப்படியே போனில் சொன்னார். அப்போது கடைக்கு வந்த ஒருவர் இந்தம்மா யார் என்று கேட்டதற்கு, "நம்ம கடைக்கு ஓட்ஸு பாக்குறவுக" என்று சொல்லிவிட்டு அவளுக்குக் காப்பி வரவழைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மழை போன பள்ளத்தாக்கு பச்சையாக விரிந்து கிடந்தது. வயல்களில் வெயில் அடித்தது. சின்னமனூர் தாண்டியபோது ஈஸ்வரபாண்டி போனில் கூப்பிட்டான். திராட்சையில் மருந்தடிப்பு நின்று நாளாகிவிட்டதே என்று அன்றுதான் கோழிகளை வெளியே திறந்துவிட்டிருந்தான். இத்தனை நாள் அடைபட்டிருந்தவை கொடிப்பந்தல் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டன. ஒன்றும் இறங்கவில்லை. கெஞ்சியாயிற்று, கம்பை ஆட்டியாயிற்று, ராமுத்தாய் வேறு வேலியோரம் நின்று சிரிக்கிறாள்.

"படியில ஓட்ஸ அள்ளி ஒரு தகர டப்பாவுல போட்டு ஆட்டுங்க" என்றாள் நாகஜோதி.

"அதுக்கெல்லாம் எறங்குமாக்கும்?"

"ஆட்டிப் பாருங்க."

போனைக் கீழே வைக்காமலேயே அவன் ஆட்டியது கேட்டது. சலசலவென்று தகரச் சத்தம். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு படபடவென்று இறக்கைகள் அடித்துக்கொண்டு கோழிகள் மொத்தமாகக் குதிக்கும் சத்தமும், நடுவில் ஈஸ்வரபாண்டி, "ஏலே, தலையில எறங்காதீகலே" என்று கத்துவதும் கேட்டது. நாகஜோதி வாய்விட்டுச் சிரித்தாள். முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளால் நிறுத்த முடியவில்லை. பஸ் உத்தமபாளையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.